பம்ப் மாற்றியும் ஸ்டீயரிங் சரியாகவில்லையா? லாரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்மாவில் ரங்கூன்–பெகு ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவை பெரும்பாலும் ஜப்பானில் பல வருடம் ஓடிவிட்டு இங்கே வந்த ஹினோ, ஃபூசோ, இசுசு, நிசான் டீசல் வண்டிகள். மோல்மேனிலிருந்தும் மண்டலேயிலிருந்தும் நம் ஆட்கள் போன் பண்ணுவார்கள். "பவர் ஸ்டீயரிங் பம்ப் மாத்தியாச்சு, ஆனா..." என்றுதான் பாதிப் பேச்சு தொடங்கும். ஒரு பம்ப் மாற்றிச் சரியாகாமல் இரண்டாவது பம்ப்பும் வாங்கிய ஓனர்கள் உண்டு. அந்தக் காசு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

பம்ப் என்னதான் செய்யுது? அது போனா ஸ்டீயரிங் ஏன் இவ்வளவு கனமாகுது?

இன்ஜின் பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தத்தோடு ஸ்டீயரிங் பாக்ஸுக்குத் தள்ளுகிறது. பாக்ஸுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்தவுடன் பாக்ஸில் இருக்கும் வால்வு திறந்து, பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு ஆயிலை அனுப்பும். அந்த ஆயில்தான் சக்கரத்தைத் திருப்புகிறது. வேலை முடிந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பம்ப்புக்கு வலது, இடது தெரியாது. ஒரே குழாயில் ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பது பாக்ஸ். பம்ப் நின்றுபோனாலும் ஸ்டீயரிங் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு இருப்பதால் வண்டி திரும்பும். ஆனால் முன் அச்சின் முழுப் பாரத்தையும் கை பலத்தால் திருப்ப வேண்டும்.

புது பம்ப் போட்டு ஸ்டார்ட் பண்ணினதும் ஊளையிடுது. டூப்ளிகேட் பம்ப் கொடுத்துட்டானா?

பத்தில் ஒன்பது தடவை அது ஏர். பம்ப்பைக் கழற்றியபோது குழாய்களில் இருந்த ஆயில் வடிந்துபோய், அந்த இடத்தில் காற்று நின்றிருக்கும். அதை வெளியேற்றாமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் பம்ப் ஆயிலையும் காற்றையும் சேர்த்து அடித்து நுரையாக்கிவிடும். நுரையால் பிஸ்டனைத் தள்ள முடியாது. பம்ப்புக்குள்ளே இருக்கும் தகடுகளுக்கு ஆயில் படலமும் கிடைக்காது. அப்படியே ஓட்டினால் நல்ல பம்ப்பும் கெட்டுப்போகும்.

முதலில் முன் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கி, கெட்டியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டேங்கை நிரப்புங்கள். இன்ஜின் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒருவர் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்ப, ஸ்பேர் பையன் (லாரி உதவியாள்) டேங்கைப் பார்த்துக்கொண்டே ஆயில் ஊற்றட்டும். பத்துப் பதினைந்து தடவை திருப்பியும் மட்டம் இறங்காமல், குமிழி வராமல் நின்றால்தான் ஸ்டார்ட். ஐடிலில் விட்டு மறுபடி மெதுவாக இரண்டு பக்கமும் ஒடியுங்கள். சில பாக்ஸ்களின் மேல் ஏர் எடுக்கிற நிப்பிள் இருக்கும். அது இருந்தால் கொஞ்சம் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான ஆயில் வந்ததும் மூடுங்கள். முழுசாக ஒடித்த நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பம்ப் தன் உச்ச அழுத்தத்தில் நிற்கும், ஆயில் மளமளவென்று சூடேறும்.

ஏர் முழுசா போயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இன்ஜின் ஓடும்போது டேங்கில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு உடனே மறுபடி பாருங்கள். காற்று அழுத்தத்தில் சுருங்கும், அழுத்தம் போனதும் விரியும். ஆகவே உள்ளே காற்று மிச்சம் இருந்தால் நிறுத்தியவுடன் மட்டம் மேலே ஏறும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் வேலை இன்னும் முடியவில்லை. நுரை நிறைய இருந்தால் அவசரப்படாமல் ஒரு மணி நேரம் வண்டியை அப்படியே விடுங்கள். நுரை தானாக மேலே வந்து உடையும், அப்புறம் தொடரலாம்.

ஒரு மணி நேரம் கழித்தும் ஆயில் பால் மாதிரியே இருந்தால் அது காற்று இல்லை, தண்ணீர். மழைக்காலத்தில் வெள்ளத்தில் இறங்கிய வண்டிகளிலும், டேங்க் மூடி உடைந்து துணி கட்டி ஓட்டும் வண்டிகளிலும் இதைப் பார்க்கிறோம். அந்த ஆயிலை முழுவதும் வடித்துவிட வேண்டியதுதான்.

எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் மறுநாள் காலையில திரும்பவும் நுரை வருது ஸயா (வாத்தியாரே), ஆனா எங்கேயும் ஒழுகலையே?

ஒழுகாததுதான் இதில் ஆளை ஏமாற்றும். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸ் உறிஞ்சும் ஹோஸ். அதில் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம். வெளியே ஈரம்கூட இருக்காது. பழைய ரப்பர் இறுகிப்போய் கிளாம்ப்புக்குக் கீழே வெடித்திருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. பம்ப் மாற்றும்போது உறிஞ்சும் ஹோஸையும் இரண்டு கிளாம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பம்ப் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று ஓ-ரிங், அதாவது குழாய் இணைப்பில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். ஒரு ஃபூசோவை இரண்டு நாள் வைத்துக்கொண்டு நானே திணறியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் பழைய ஓ-ரிங் குழாய் முனையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேல் புது ஓ-ரிங்கையும் போட்டிருக்கிறோம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றுமே சரியாக உட்காராது. பழையதை எண்ணிக் கையில் எடுத்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும். இவை இரண்டும் சரி என்றால் பம்ப்பின் தண்டில் இருக்கும் ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள். புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தால் அந்த சீல் முதல் நாளே போயிருக்கும். புல்லியையும் கியரையும் ஒருபோதும் அடித்து ஏற்றாதீர்கள்.

எந்த ஆயில் ஊத்தணும்? அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊத்தலாமா?

பிரேக் ஆயில் ஒரு சொட்டும் கூடாது. அது வேறு வகைத் திரவம். பவர் ஸ்டீயரிங்கின் ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். தெரியாமல் ஊற்றியிருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் பட்டறைக்குச் சொல்லுங்கள். ஓடியிருந்தால் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டிவரும்.

ஜப்பான் லாரிகளில் பெரும்பாலும் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்)தான். சிவப்பு நிறம். ஆனால் நிறத்தை நம்பாமல் டேங்க் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மூடி தொலைந்திருந்தால் வண்டியின் மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய ஆயில் சிவப்பாத்தான் இருந்துச்சு. வடிச்சு வெச்சு அதையே திரும்ப ஊத்தினா என்ன?

பழைய பம்ப் ஏன் செத்தது என்று யோசியுங்கள். தகடு தேய்ந்துதான் செத்தது. தேய்ந்த இரும்பு எங்கே போகும்? ஆயிலில், ஹோஸில், பாக்ஸில், டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரில். அந்தத் தூளையெல்லாம் புது பம்ப்புக்கு ஊட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ஆறு மாதத்தில் மூன்றாவது பம்ப் கேட்டு வந்த ஒரு வண்டியின் டேங்கைத் திறந்து, அடியில் காந்தத்தை வைத்தோம். மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஓனரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள். ரிட்டர்ன் ஹோஸை டேங்கிலிருந்து எடுத்து ஒரு வாளியில் விட்டு, டேங்கின் அந்த வாயை மூடி அடைத்துவிடுங்கள். முன் அச்சு தூக்கியபடியே இருக்கட்டும். புது ஆயிலை ஊற்றிக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பழைய ஆயில் வாளிக்கு வரும். சுத்தமாக வரும் வரை செய்யுங்கள். டேங்க் ஒரு நிமிஷம்கூடக் காலியாகக் கூடாது. காலியானால் முதலில் சொன்ன ஏர் வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.

ஜப்பான் கழற்று பம்ப் வாங்கினேன். பார்க்க அச்சு அசல் அதே மாதிரி. ஆனா பிரஷரே வரலை, ஏன்?

வெளியே ஒன்றாக இருப்பது போதாது. முதலில் சுற்றும் திசை. இந்த வகை பம்ப் பெரும்பாலும் ஒரே திசையில் சுற்றினால்தான் ஆயில் தள்ளும். எதிர்த் திசைக்கென்று செய்த பம்ப்பும் அதே கூட்டில், அதே போல்ட் துளைகளோடு வரும். சில பம்ப்களில் திசையைக் காட்ட அம்புக்குறி இருக்கும்.

அடுத்து அழுத்தமும் அளவும். சின்ன லாரியின் பம்ப்பும் பெரிய லாரியின் பம்ப்பும் ஒரே அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. கனரக வண்டிகளில் 150 பார் அளவுக்குப் போகும் பம்ப்கள் உண்டு. சின்ன வண்டிகளில் அதைவிடக் குறைவு. குறைந்த அழுத்த பம்ப்பைப் பெரிய பாக்ஸுக்குப் போட்டால் காலி வண்டியில் நன்றாக இருக்கும், லோடு ஏற்றியதும் தெரிந்துவிடும். அதிக அழுத்த பம்ப்பைச் சின்ன பாக்ஸுக்குப் போட்டால் ஹோஸ் வெடிக்கலாம், பாக்ஸ் சீல் போகலாம். இரண்டாவது தவறுதான் அபாயம். கடைக்குப் போகும்போது பழைய பம்ப்பைக் கையோடு கொண்டுபோய், அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயர்த் தகட்டில் உள்ள பார்ட் நம்பரை ஒத்துப்பாருங்கள். பக்கத்தில் வைத்து உருவம் பார்த்து வாங்குவதை விட்டுவிடுங்கள்.

ஐடில்ல ஒடிச்சா கனம், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தா லேசாயிடுது. விட்டுடலாமா?

விட வேண்டாம். மெதுவான வேகத்தில் பம்ப் போதுமான ஆயில் தரவில்லை என்று அர்த்தம். பெல்ட் பம்ப் என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டை விரலால் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் பல வண்டிகளில் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். எண்ணெய் பட்ட பெல்ட்டை இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். ஐடில் வேகம் குறைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அது சரி என்றால், பம்ப்புக்குள்ளே ஆயில் அளவைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வு தூசியில் சிக்கியிருக்கலாம். கழுவாமல் பம்ப் மாற்றிய வண்டிகளில் இது சகஜம்.

வலது பக்கம் பூ மாதிரி ஒடியுது, இடது பக்கம் கல்லு. புது பம்ப் சரியில்லைதானே?

முதல் பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். பம்ப்புக்கு வலது, இடது தெரியாது. ஒரு பக்கம் லேசாக ஒடிகிறது என்றால் பம்ப் வேலை செய்கிறது என்று அதுவே சாட்சி. ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் பாக்ஸைப் பாருங்கள். உள்ளே அந்தப் பக்கத்து சீல் ஆயிலைக் கசியவிடலாம், அல்லது வால்வு தேய்ந்திருக்கலாம்.

கடைசிக் கொஞ்சம் தூரத்தில் மட்டும் ஒரு பக்கம் கனமாகிறது என்றால் வேறு விஷயம். சக்கரம் முழுசாக ஒடியும் முன் அழுத்தத்தைக் குறைக்க, பல பாக்ஸ்களில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சின்ன வால்வு உண்டு. சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று தடுக்க அச்சில் இருக்கும் ஸ்டாப் போல்ட்டை யாராவது திருகியிருந்தாலும், பாக்ஸைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அது முன்கூட்டியே திறந்துவிடும். அதைச் சரிசெய்தால் போதும். பாக்ஸ்கூட வாங்க வேண்டியதில்லை.

மெக்கானிக் பம்ப்னு சொல்றார், கடைக்காரர் பாக்ஸ்னு சொல்றார். யார் சொல்றதை நம்பறது?

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம், மீட்டரை நம்புங்கள். பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஒரு பிரஷர் மீட்டர், அதற்கு அடுத்து பாக்ஸ் பக்கம் ஒரு மூடும் வால்வு. ஆயில் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் வால்வை மூடிப் பாருங்கள். மூடியபோது அந்த பம்ப்புக்குச் சொல்லப்பட்ட அழுத்தம் வந்தால் பம்ப் நல்லது. வராவிட்டால் பம்ப்தான். 5 விநாடிக்கு மேல் மூடி வைத்தால் நல்ல பம்ப்பும் போய்விடும்.

இதற்கு முன்னால் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகப்படி அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு சில வண்டிகளில் பம்ப்பில் இருக்கும், சிலவற்றில் பாக்ஸில் இருக்கும். பாக்ஸில் இருக்கும் வண்டியில் நடுவழியை மூடினால் அழுத்தத்துக்குப் போக்கிடமே இல்லை. ஏதாவது ஒன்று வெடிக்கும். அது தெரியாமல் இந்தச் சோதனையில் யாரும் கை வைக்கக் கூடாது.

பம்ப் நல்லது என்று தெரிந்த பிறகு வால்வைத் திறந்துவிட்டு, ஸ்டாப் போல்ட்டுக்கும் அச்சுக்கும் இடையே ஒரு இரும்புத் துண்டு வைத்து அந்தப் பக்கம் ஒடித்துப் பிடியுங்கள். முன் சொன்ன சின்ன வால்வு திறக்காமல் இருக்கத்தான் அந்தத் துண்டு. அப்போது மீட்டர் முன்பு காட்டிய அளவுக்கு ஏறாவிட்டால் பாக்ஸ் உள்ளே கசிகிறது. இரும்புத் துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், விரல் போய்விடும். இந்த மீட்டர் வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போவது அலைச்சல்தான். ஆனாலும் போங்கள்.

ஒடிச்சுட்டு விட்டா ஸ்டீயரிங் தானா திரும்பி வரலை. ரெண்டு பக்கமும் கனமாவும் இருக்கு. மீட்டர்ல பிரஷர் சரியா இருக்கு, அப்புறம் என்ன?

அப்படியானால் ஆயில் பக்கத்தை விடுங்கள், இரும்புப் பக்கத்தைப் பாருங்கள். முன் அச்சைத் தூக்கி, பாக்ஸ் கையிலிருந்து டிராக் லிங்கை (பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியை) கழற்றுங்கள். சக்கரத்தைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் தள்ளிப் பாருங்கள். சிக்கித் திரும்பினால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) காய்ந்துவிட்டது. மழையில் சேறும் கோடையில் புழுதியும் தின்ற கிங்பின்களில் கிரீஸ் ஏறும் வழியே அடைத்திருக்கும். கிரீஸ் கன் வைத்து அடித்தால் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். வராவிட்டால் கிரீஸ் உள்ளே போகவில்லை.

சக்கரம் சரி, ஸ்டீயரிங்தான் சிக்குகிறது என்றால் தண்டின் யுனிவர்சல் ஜாயின்ட், அப்புறம் பாக்ஸில் யாராவது ஆட்டம் குறைக்க திருகிய செட்டிங் ஸ்குரு. முன் டயர்களின் காற்றையும் மறக்காதீர்கள். பம்ப் வரை மாற்றிவிட்டு, கடைசியில் காற்றுக் குறைந்த டயரைக் கண்டுபிடித்த கதையும் இங்கே நடந்திருக்கிறது.

பம்ப் மாத்தினதிலேருந்து வண்டி வலது ஓரத்துக்கே இழுக்குது.

முதலில் ரோட்டைக் கழித்துவிடுங்கள். பர்மாவில் 1970-லிருந்து வலது பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிய ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சாய்ந்திருக்கும். ஆகவே எந்த வண்டியும் கொஞ்சம் வலது ஓரம் சாயத்தான் செய்யும். சமமான ஒரு மைதானத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுத்தால் டயர், பிரேக், சக்கர அலைன்மென்ட் என்று வரிசையாகப் பாருங்கள்.

அப்புறம் முன் அச்சைத் தூக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, யாரும் தொடாமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் சுற்றினால் பாக்ஸின் வால்வு நடுவில் நிற்கவில்லை. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

டேங்க்ல ஆயில் வாராவாரம் குறையுது. கீழே ஒரு சொட்டு இல்லை. எங்கே போகுது?

பம்ப் பெல்ட்டில் ஓடுகிறதா, இன்ஜின் கியரில் ஓடுகிறதா என்று பாருங்கள். கியரில் ஓடும் பம்ப் நேராக இன்ஜின் மேல் பொருந்தியிருக்கும். அதன் தண்டு சீல் போனால் ஸ்டீயரிங் ஆயில் வெளியே வராமல் இன்ஜினுக்குள் இறங்கும். இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். இன்ஜின் ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்குகள் பாதிக்கும். ஆகவே சீலை மாற்றுவதோடு இன்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள்.

டேங்க் ஆயில் கறுத்து, மட்டம் கூடிக்கொண்டே வந்தால் அதே சீல் எதிர் வழியில் இன்ஜின் ஆயிலை இழுக்கிறது. வைத்தியம் ஒன்றேதான்.

பிரஷர் ஹோஸ்ல சின்னதா ஈரம் இருக்கு. லோடு ஏத்தியாச்சு, எலுமிச்சம்பழமும் வெச்சாச்சு. லாஷியோ போய்ட்டு வந்து பார்த்துக்கலாமா?

வேண்டாம். லாஷியோ ரோட்டில் கோக்தெய்க் பள்ளத்தாக்கின் கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பீர்கள், அங்கேதான் ஹோஸுக்கு உச்ச அழுத்தம் வரும். வெடிக்கிற ஹோஸ் அங்கேதான் வெடிக்கும். சூடான ஆயில் சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். கசிவைத் தேட இன்ஜின் ஓடும்போது விரலால் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் விரலையே எடுக்க நேரிடலாம். ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். உடம்பில் பாய்ந்துவிட்டால் கட்டுப் போட்டுக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இறக்கத்துல டீசல் மிச்சம் பண்ண இன்ஜினை ஆஃப் பண்ணி விடுவோம். புது பம்ப்புக்கு அதனால ஏதாவது ஆகுமா?

பம்ப்புக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு ஆகும். இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்கும், லோடு வண்டியின் முழுக் கனமும் வளைவின் நடுவில் உங்கள் கைக்கு வரும். ஏர் பிரேக் கம்ப்ரஸரும் அதே இன்ஜினில்தான் ஓடுகிறது, ஆகவே நாலைந்து தடவை பிரேக் மிதித்ததும் காற்றும் குறையும். இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் போய்விடும். இறக்கத்தில் சின்ன கியரில் இன்ஜினை ஓடவிட்டே இறங்குங்கள். சாவியில் கை வைக்காதீர்கள்.